கையில் எதைக் கட்டுவது?

கடிகாரம் என்பது நேரம் காட்டுவதற்கே உரியது என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். நம் தந்தையார் கட்டியிருந்தது எச்.எம்.டி. பெங்களூரில் 1961ஆம் ஆண்டில், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு உருவாகத் தொடங்கிய கடிகாரம் அது. காலைதோறும் அதற்குச் சாவி கொடுப்பது வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டிய பெரும் பதவி. நம் திருமணத்தின்போது மாமனார் அளித்தது டைட்டன். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் 1984இல் கூட்டாகத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்த நிறுவனத்தின் கடிகாரம் என்பதால், கல்கத்தாவில் நாலு பேரிடம் அதனைக் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு. அவ்விரண்டும் நேரம் சொல்லினவேயன்றி, நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை, வழக்கம்போல் ரவீந்திர சரோவரில் நடந்துகொண்டிருந்தோம். 1958இல் பெயர் மாறிய பின்னரும் நம்மவர் பலருக்கு அது இன்னும் லேக்தான். பாதிச் சுற்றில் தலை சுற்றிற்று. பலகையில் சாய்ந்துவிட்டோம். நாள்தோறும் ‘ஷோரீர் கேமோன், தாதா?’ என்று கேட்டுப் போகும் வங்காளி அன்பர் இருவர்தாம் தண்ணீர் கொடுத்து வீடு சேர்த்தனர். வைத்தியர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, இருதயத்தில் குறை ஒன்றும் இல்லை, இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தால் போதும், நடையை மட்டும் விடவேண்டா என்றார்.

செய்தி பெங்களூருக்கு எட்டியது. மகள் அன்றிரவே, “அப்பா, ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். இனி நீங்கள் அது இல்லாமல் வெளியே போகக் கூடாது” என்றாள். மனைவியோ, “நடப்பதற்கு அடி எண்ணினால் போதாதா? இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பேண்ட் வாங்கினால் ஆயிற்று. முப்பதாயிரம் எதற்கு?” என்றாள். நாம் இருவர் பக்கமும் சேராமல், சாந்தினிக்குச் சென்று கடை கடையாக விசாரித்தோம்.

அறிந்தவற்றைச் சொல்கிறோம். இரண்டு கருவிகளும் செய்யும் அடிப்படை வேலை ஒன்றே. முதுகுப்புறத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்குகிறதே, அவ்வொளியை இரத்தம் உட்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உட்கொள்ளும் அளவு கூடிக் குறைவதைக் கொண்டு நாடி எண்ணப்படுகிறது. ஊரில் பண்டிதர் மூன்று விரலை வைத்துப் பார்த்ததை இது ஒளியை வைத்துப் பார்க்கிறது. பேண்ட் இவ்வளவோடும், அடிகளையும் உறக்கத்தையும் கணக்கிடுவதோடும் நின்றுவிடும். ஒரு முறை மின்னேற்றினால் ஒரு வாரத்திற்கு மேல் வரும். விலை மிகுந்த ஸ்மார்ட் வாட்ச்சோ, விரலை வைத்தால் ஈ.சி.ஜி. வரையும், அணிந்தவர் விழுந்தால் உணர்ந்து, ‘நலமா?’ எனக் கேட்டு, விடை வராவிடில் குறித்துவைத்த எண்களுக்குச் செய்தி அனுப்பும். பெரும்பாலானவற்றுக்குத் தினந்தோறும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், மின்னேற்றவேண்டும். ஆயினும் அந்த ஈ.சி.ஜி. ஒரே கோணத்தில் எடுப்பது. மருத்துவமனையில் எடுப்பது பன்னிரண்டு கோணங்களில். மாரடைப்பை அறிய மணிக்கட்டுக் கருவியை நம்பலாகாது. இனி, இரண்டாயிரத்திற்கே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டும் என்று கூவி விற்பனவும் உண்டு. ஊசி குத்தாமல் தானாகவே சர்க்கரை அளப்பதாகக் கூறும் எந்தக் கடிகாரத்திற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் 2024 பிப்ரவரியில் எச்சரித்தனர். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டுகிறோம்.

இவ்வளவு விசாரித்தும் கடைசியில் மகளின் சொல்லே வென்றது. பெட்டி வந்து சேர்ந்தது.

முதல் வாரம் விளையாட்டாகக் கழிந்தது. பத்தாயிரம் அடி என்று அது இலக்கு வைத்ததும், எட்டாயிரத்தோடு திரும்பிய நாளில் வீட்டுக் கூடத்திலேயே உலாவி இலக்கை முடித்தோம். இந்தப் பத்தாயிரம் எந்த வைத்திய நூலிலிருந்து வந்தது என்று தேடியபோது சிரிப்பே வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல், யமாசா என்னும் ஜப்பானிய நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிர அடிமானி’ என்பதாம்! ஹார்வர்டு அறிஞர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சராசரி வயது 72 உள்ள பெண்மணிகள் நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தபோதே, 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் மரண விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினோம். கூடத்து உலா அன்றோடு நின்றது.

மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்குக் கை அதிர்ந்தது. ஓய்வில் இருக்கையில் நாடி 120ஐக் கடந்துவிட்டது என்றது கடிகாரம். பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு படபடக்கவே, எண் இன்னும் ஏறிற்று. டாக்சி பிடித்து ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். இளம் வைத்தியர் ஒருவர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, யாவும் சரியாகவே இருக்கின்றன, பட்டை தளர்ந்து கிடந்ததால் தப்பாக எண்ணியிருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். விடியும் வேளையில் வீடு திரும்பினோம்.

அந்த இரவுக்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கிற்று. நள்ளிரவில் விழிப்பதும், எண்ணைப் பார்ப்பதும், மறுபடி உறக்கம் வராமல் கிடப்பதும் வழக்கமாயின. வைத்தியர் நோயில்லை என்று சொல்லியும் நாம் நோயாளி ஆகிவிட்டோம். கடிகாரத்தின் கணக்கு மகளின் கைப்பேசிக்கும் போய்க்கொண்டிருந்தது. “அப்பா, நேற்று நாலு மணி நேரந்தான் தூங்கியிருக்கிறீர்கள். என்ன செய்கிறது உங்களுக்கு?” என்று காலை ஆறு மணிக்குக் கேட்பாள். அவளும் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரியும். ஆயிரம் மைல் தொலைவிலிருந்து தகப்பன் கையைப் பிடித்திருப்பதாகவே அவள் எண்ணினாள். அந்தக் கையை உதறுவது எப்படி? கழற்றிவிடலாம் என்று மனைவி பல முறை கூறியும், மகள் மனம் நோகுமே என்று நாம் வாளாவிருந்தோம்.

இந்நிலையில் ஒரு நாள் மைத்துனர் வந்தார். வயது 74, மனைவியை இழந்தவர், மக்கள் இருவரும் அமெரிக்காவில், லேக் கார்டன்ஸில் தனியே வசிக்கிறார். நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் குறை அவருக்கு உண்டு. அதனால் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் வரக்கூடும் என்பதற்காக மருந்து உண்பவர். அன்று அவர் நெற்றியில் கட்டு. விடிகாலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழமுடியாமல், எட்டு மணிக்கு வேலைக்கார மாசி வந்து கதவைத் திறக்கும்வரை ஈரத் தரையில் கிடந்தாராம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் தலையில் அடிபட்டால் எவ்வளவு அபாயம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே அவர் இதைச் சொல்ல, மனைவி ஒன்றும் பேசாமல் நம் மணிக்கட்டையே பார்த்தாள்.

அன்றிரவு மகளிடம் நாமே பேசினோம். தனியாக இருப்பவரும், இருதயத்தில் ஒழுங்கின்மை உள்ளவரும் மாமாவே; நாமோ இரவில் இருமினாலும் எழுந்து உட்காரும் மனைவியோடு வாழ்கிறோம் என்றோம். மேலும், அமெரிக்காவில் நாலு லட்சத்திற்கு மேற்பட்டோர் பங்குபெற்ற, 2019இல் வெளியான ஆய்வில், ஒழுங்கற்ற நாடி என்று கடிகாரம் எச்சரித்தது மொத்தத்தில் நூற்றுக்கு அரைப் பேரையே. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூவரை. அது பயன்படும் இடம் எது என்பது இதிலேயே புலப்படவில்லையா? சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “நீங்கள் தினமும் எனக்குப் பேசுவீர்களா அப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

கடிகாரம் லேக் கார்டன்ஸ் சென்றது. அவர் கைப்பேசி அதற்கு ஒத்ததாய் இருந்தது நல்லூழ். சில கடிகாரங்கள் சில கைப்பேசிகளோடுதான் பேசும், வாங்குமுன் விசாரிப்பது நலம். விழுந்ததும் செய்தி போகவேண்டுமாயின் கைப்பேசியும் அருகிலேயே இருத்தல் வேண்டும். வைத்தியரும் ஆமோதித்தார். ஒன்றை மட்டும் நாம் வற்புறுத்தினோம். குளிக்கும் நேரத்தில்தான் பலரும் கழற்றி மின்னேற்றுகிறார்கள். முதியோர் வழுக்கி விழக்கூடிய இடங்களில் குளியலறையும் ஒன்று. ஆதலின் மைத்துனர் மாலையில் நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது மின்னேற்றுகிறார். குளியலறைக்கு அணிந்தே செல்கிறார், நீர் புகாத வகை அது. நமக்கு ஒரு பேண்ட் போதுமானதாயிற்று. எச்சரிக்கை ஒலிகள் யாவற்றையும் அடைத்துவிட்டு, அடியை மட்டும் எண்ணவிட்டிருக்கிறோம். எண்ணிக்கையை இரவில் மகளுக்கு வாயால் சொல்கிறோம். சில நாள் ஐந்நூறு கூட்டிச் சொல்வதும் உண்டு.

சென்ற வெள்ளிக்கிழமை லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது, மைத்துனர் விழுந்துவிட்டதாக நம் கைப்பேசியில் செய்தி வந்தது. அழைத்தால் அவர் எடுக்கவில்லை. அதற்குள் பெங்களூரிலிருந்து மகளின் அழைப்பு. பையை அங்கேயே போட்டுவிட்டு லேக் கார்டன்ஸுக்கு விரைந்தோம். கதவு திறந்தது. பூஜைக்குத் தேங்காயை ஓங்கி உடைத்துவிட்டு, வானொலியை உரக்க வைத்துக்கொண்டு, அசையாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூச்சிரைக்க நின்ற நம்மை ஏற இறங்கப் பார்த்து, “வந்ததே வந்தீர்கள் மாப்பிள்ளை, அந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் கொடுங்கள்” என்றார். துருவிக் கொடுத்துவிட்டு மகளுக்குப் பேசினோம்.