கோவளக் கரையில் ஒரு கேள்வி

கோவளம் என்னும் பெயர் நம் கடற்கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு. சென்னைக்குத் தெற்கே ஒன்று; கன்னியாகுமரிக்கு அருகே ஒன்று; திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் ஒன்று. உலகெங்கிலுமிருந்து பிரயாணிகள் தேடி வருவது மூன்றாவதாகச் சொன்ன கோவளத்தைத்தான். சென்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் சென்றதும் அங்கேதான். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும், எழுபத்து நான்கு வயது நிரம்பிய என் தாயாரும், கல்லூரியில் பயிலும் இருபது வயது மகளும்.

ஊர் பார்க்கும் ஆசையோடு, மனத்தில் ஒரு கேள்வியையும் சுமந்துகொண்டே விமானம் ஏறினோம். ஜெர்மனியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள். பதினைந்து ஆண்டுகளாகப் பழக்கம். தீபாவளிக்கு நம் வீட்டுப் பலகாரம் அங்கே செல்லும். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு ரொட்டி இங்கே வரும். அவர்கள் ஆண்டுதோறும் கோடையில் பால்டிக் கடலோரத்தில் ஒரு முகாமுக்குச் செல்வது வழக்கம். அடுத்த கோடையில் நாங்களும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைத்தார்கள். அது ஆடையின்றி வாழ்வோர் தங்கும் முகாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். என் மனைவி சிரித்து மழுப்பினாள். நான் பேச்சை மாற்றினேன். மகளோ, "இதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள், பிறகு மறுத்துவிடலாம்" என்றாள். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வி வந்திருக்கும். ஜெர்மனிக் கடற்கரையில் "எஃப்.கே.கே." என்ற மூன்றெழுத்துப் பலகையைக் கண்டதும் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு வேறு பக்கம் நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த வழக்கத்தைப் பற்றிச் சிறிது படித்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆலைப் புகை சூழ்ந்த ஜெர்மானிய நகரங்களில் வெயிலும் காற்றும் உடம்பில் படாமல் மக்கள் நலிந்தபோது, ஆரோக்கியத்தின் பெயரால் எழுந்த இயக்கம் அது. வட கடலில் உள்ள ஸில்ட் தீவில் 1920-ல் இதற்கென ஒரு கடற்கரையே ஒதுக்கப்பட்டது. பிரான்ஸ் தேசத்து அட்லாண்டிக் கரையில் மோந்தாலிவே என்னுமிடத்தில் 1950-ல் குடும்பங்களுக்கான விடுதி தொடங்கியது. அங்கேதான் 1953-ல் பல நாட்டு அமைப்புகளும் கூடி உலகச் சம்மேளனம் ஒன்றை நிறுவின. நமக்கு வியப்பூட்டும் செய்தி வேறொன்று உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1891-ல், பம்பாய்க்கு அருகே தாணாவில் ஜில்லா நீதிபதியாக இருந்த சார்லஸ் கிராஃபோர்ட் என்னும் ஆங்கிலேயர் இப்படியொரு சங்கத்தை அமைத்திருந்தார். உறுப்பினர் மூவரே. அவர் மாற்றலாகிப் போனதும் சங்கமும் மறைந்தது. நம் நாட்டின் வெயிலை நம்மவர் குடைபிடித்துத் தடுக்க, அவர் அதை வரமாகக் கருதினார் போலும்.

அந்த முகாம்களின் விதிகளை அடுத்த வீட்டு அம்மையார் எனக்கு விளக்கிச் சொன்னார். புகைப்படக் கருவிக்கு இடமில்லை. ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தல் பெருங்குற்றம். உட்காருமுன் தத்தம் துண்டை விரித்தே உட்காரவேண்டும். வேடிக்கை பார்க்க வருவோருக்கு வாயிலிலேயே தடை. மற்றபடி சமையலும் பந்தாட்டமும் பாட்டனாரின் பகல் தூக்கமும் எல்லா முகாம்களிலும் போலத்தான். இதைக் கேட்டபோது, அங்கே ஆடை இல்லாமையைக் காட்டிலும் உடன்பாடு இருப்பதே முக்கியம் என்று எனக்குப் பட்டது. உள்ளே இருப்பவர் அனைவரும் ஒரே நிலையில், தம் விருப்பத்தால் வந்தவர்கள்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு கோவளத்துக்கு வருவோம்.

காலையில் திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமியைத் தரிசித்தோம். அங்கே ஆடவர் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் உள்ளே புகவேண்டும். என் தோளைக் குளிர்ந்த காற்று தீண்டியபோது, "பாருங்கள், இங்கும் ஒரு விதி இருக்கிறது" என்று மகள் காதோடு சொன்னாள். அன்று மாலையே கோவளம் சேர்ந்துவிட்டோம்.

பிறைபோல் வளைந்த சிறு கரைகள் அடுத்தடுத்து. இடையிடையே கடலுக்குள் நீண்ட பாறைகள். தெற்குப் பாறையின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையிட்ட கலங்கரை விளக்கம். 1972 முதல் இயங்கி வருகிறது. மணலில் ஆங்காங்கே கருமை படர்ந்திருக்கும். அழுக்கு என்று எண்ணிவிடவேண்டாம். இல்மனைட்டு முதலிய கனிமங்கள் கலந்த மணல் அது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறும். கரையின் மணலையே பல இடங்களில் வாரிக்கொண்டு போய்விடும். ஐரோப்பியப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அதே மாதங்களில் வருவது நம் குடும்பங்களின் துரதிர்ஷ்டம். கடலாட விரும்புவோர் டிசம்பரிலோ ஜனவரியிலோ செல்லுக.

மீனவர் குப்பங்கள் நிறைந்த இந்தக் கரையில் 1932-ல் ஓர் அரண்மனை எழுந்தது. திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமிபாயின் கணவர் கட்டியது. ஹால்சியன் மாளிகை என்று பெயர். பிறகு மத்திய அரசின் சுற்றுலாக் கழகம் அங்கே ஒரு விடுதி அமைக்க முற்பட்டது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா, குன்றின் சரிவை ஒட்டியே அறைகள் இறங்கி வரும்படி வரைந்து கொடுத்தார்; 1969-ல் தொடங்கிய அந்த வேலை 1974-ல் நிறைவுற்றது. அதே காலத்தில்தான் தோளில் பையும் நீண்ட தலைமயிருமாக ஹிப்பி வாலிபர்கள் வந்து மீனவர் வீடுகளில் வாடகைக்கு அறை பிடித்துத் தங்கத் தொடங்கினர். அவர்களிற் சிலர் உடையின்றியும் அரையுடையோடும் வெயிலில் கிடந்தனர். அங்குள்ள ஒரு கரைக்கு ஹவ்வா கரை என்று பெயர். ஹவ்வா என்றால் விவிலியத்து ஏவாள். மேலாடையின்றி வெயில் காய்ந்த வெள்ளைக்காரப் பெண்களால் வந்த பெயர் என்று ஊரில் சொல்லுகிறார்கள்.

இன்று அதற்கெல்லாம் அனுமதி இல்லை. பொது இடத்தில் ஆபாசச் செயல் புரிந்து பிறருக்குத் தொல்லை விளைத்தால் மூன்று மாதம் வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 296-ஆம் பிரிவு. ஆகவே கோவளத்தில் அவ்வகை விடுதி இருக்குமா என்று தேடும் அயல்நாட்டு நண்பர்களுக்கு நம் சங்கத்தார் தெளிவாகவே "இல்லை" என்று சொல்லிவிடலாம்.

ஆயினும் அந்த 1970-களை எண்ணிப் பார்க்கிறேன். மணலில் உடையின்றிக் கிடந்தவர்கள் ஐரோப்பாவில் தாங்கள் கற்ற பாதிப் பாடத்தையே இங்குக் கொண்டுவந்தார்கள். விதிகளையும் வேலியையும் உடன்பாட்டையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கரையோ மீனவரின் தொழிற்களம். விடியற்காலையில் வலையின் இரு தலைக் கயிற்றையும் இருபது முப்பது பேர் பற்றி, பாட்டுப் பாடிக் கரைக்கு இழுக்கும் இடம். மீனை விலை பேச அவர்களுடைய மனைவியரும் மக்களும் கூடும் இடம். உங்கள் முற்றத்தில் நாங்கள் இப்படிப் படுத்துக்கொள்ளலாமா என்று அவர்களை யார் கேட்டார்கள்? ஒருசாரார் விடுதலை என்று நினைத்தது மற்றொரு சாராருக்கு வேடிக்கை ஆயிற்று; சங்கடமும் ஆயிற்று.

மறுநாள் மாலை நடந்ததைச் சொல்லவேண்டும். மகள் நீந்த வல்லவள். முழங்கால் வரை நீண்ட நீச்சலுடை அணிந்து நீரில் இறங்கினாள். கால்மணி நேரம் ஆகியிராது. எங்கிருந்தோ வந்த வாலிபர் நால்வர் கரையில் நின்று கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினார்கள். உயிர்காப்போர் சீட்டி ஊதினால் அலைக்குத்தான் ஊதுவார்கள். இதற்கு ஊத ஆளில்லை. நான் எழுந்து போய்ச் சத்தமிட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சற்று விலகி நின்றார்கள், அவ்வளவே. மகள் கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "வார்னமுண்டேக் கடற்கரையில் உடுத்தாதவர்களைக்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே உடுத்தியிருக்கும் என்னைப் பார்க்கிறார்கள். நீங்கள் அந்த முகாமுக்குத்தானே அஞ்சினீர்கள்?" என்றாள். எனக்கு விடை வரவில்லை.

அதுவரை பேசாதிருந்த என் தாயார்தான் வாய் திறந்தார்கள். அம்மாவின் பிறந்தகம் கல்குளம் தாலுகா. 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு இணையுமுன் அதுவும் இந்தத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. "மக்களே, எங்க பாட்டி தன் பாட்டி கதையைச் சொல்லுவாங்க. தோள்சீலை போட்டதுக்காகச் சந்தையிலே வச்சுக் கிழிச்சாங்களாம். துணி கிழிஞ்சதைவிட, கூடி நின்னவங்க பார்த்ததுதான் பொறுக்க முடியலைன்னு சொல்லுவாங்களாம்" என்றார்கள்.

இந்தக் கதை என் மகளுக்குப் புதிது. ஏன், நம் சங்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் புதிதாகவே இருக்கும். தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் உயர் சாதியார் முன் மார்பை மறைக்கலாகாது என்பது அன்றைய கட்டுப்பாடு. கிறிஸ்தவ சமயம் சார்ந்த பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும் கலகம் மூண்டது. சந்தைகளில் ஆடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் ஆலயங்களும் எரிந்தன. 1829-ல் வந்த அரச ஆணை மேற்சீலையை மறுத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, மறுபடியும் கலகம் மூண்டு, சென்னை கவர்னர் டிரவெல்யனின் வற்புறுத்தலும் சேர்ந்த பிறகே, 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். அல்லது முக்குவத்திகள், அதாவது மீனவப் பெண்கள், கட்டுவதுபோல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். ஆனால் உயர் சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். கொடுத்த உரிமையிலும் ஒரு குட்டு! அந்த ஆணை பிறந்த தலைநகரம் இதோ, நாங்கள் உட்கார்ந்திருந்த மணலிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆணையில் பேசப்பட்ட முக்குவத்திகளின் பேத்திமார் அப்போதும் விழிஞ்ஞம் சாலையில் மீன்கூடையோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் ஆச்சி, அந்த முகாம் தவறுதானா?" என்று கேட்டாள்.

"அதெப்படித் தப்பாகும்? அவங்க தாமா கழற்றுதாங்க. எங்க பாட்டிமாரைக் கேட்டா கழற்றினாங்க?" என்றார் அம்மா. சற்றுப் பொறுத்து, "எனக்குக் கட்டிக்கிடத்தான் பிடிக்கும். அதை அவங்ககிட்டே அப்படியே சொல்லிரலாமே" என்றும் சேர்த்தார்.

சொல்லிவிட்டு எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கினார். கைப்பேசிக்காரர்கள் நின்ற பக்கமாக அம்மா நின்றுகொண்டார். மறுபக்கம் என் மனைவி போய் நின்றாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் எழுந்து வந்து அந்த நால்வரிடமும் மலையாளத்தில் ஏதோ சொன்னார். எனக்கு முழுதும் விளங்கவில்லை; அவர்களுக்கு விளங்கியிருக்கவேண்டும், கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இருட்டும்வரை நீராடினார்கள்.

ஊர் திரும்பும் வழியில் சிதறால் மலைக்கும் சென்றோம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் திகம்பரமாக, திக்குகளையே ஆடையாக உடுத்து நிற்கின்றன. அம்மணம் என்று நாம் கூசிச் சொல்லும் சொல்லே அமணர் என்ற அவர்கள் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அம்மா அவற்றின்முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

ஜனவரியில் அடுத்த வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம்; 1859-ஐயும் சொன்னோம். அந்த அம்மையார் கண் கலங்கிவிட்டார். கோடையில் ஒரு சமரசம் பிறந்தது. அவர்கள் முகாமை ஒட்டினாற்போல், பலகை ஒன்றே எல்லையாக, உடுத்தியவர்களுக்கான கரை இருக்கிறது. நாங்கள் அங்கே கூடாரம் அடித்தோம். அம்மா பலகைக்கு இப்பால் புடவையோடு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். மாலை நான்கு மணிக்குத் தேநீர் வைத்ததும், அடுத்த வீட்டு அம்மையார் பெரிய துண்டை உடம்பில் சுற்றிக்கொண்டு பலகையைத் தாண்டி வருவார். அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டுவார். இருவருக்கும் பொது மொழி பத்துச் சொல்கூட இராது. இரண்டு வாரமும் அந்த டப்பா நிறைவதற்கு என் மனைவி வீட்டிலிருந்து நான்கு கிலோ முறுக்கு சுட்டுக் கொண்டுபோயிருந்தாள்.