பத்தில் ஒன்று

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொடை விஷயத்தில் கொஞ்சம் பெயர் உண்டு. கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் எங்கள் ஊர்க்காரர். அந்த நன்றிக்காக, ராமாயணத்தில் நூறு பாட்டுக்கு ஒரு பாட்டில் வள்ளலைப் பாடக் கம்பர் ஆசைப்பட்டாராம். புலவர்கள் ஆட்சேபித்தார்களாம். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று என்று முடிவாயிற்றாம். கொடுத்தவர் கணக்குப் பார்க்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றிக்குத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்!

இன்னொரு கதையும் உண்டு. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரிடம் ஒரு கிழவர் ஓலையைக் காட்டி, "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடி ஜயித்தது எங்கள் ஊரில்தான். வந்தவர் சிவபெருமான். அவர் கேட்டது நூற்றில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ அல்ல. ஆளையே முழுசாகக் கேட்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு வாத்தியார். அவர் கிறிஸ்தவர்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய சமாசாரம். மாதம் பிறந்து சம்பளம் வாங்கி வந்ததும், சட்டையைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணுவார். 1,800 ரூபாய். அதிலிருந்து 180 ரூபாயை எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். அதற்குப் பிறகுதான் பால்காரர், மளிகைக்கடை, வீட்டு வாடகை எல்லாம்.

"யாருக்கு சார் தவணை கட்டுகிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தவணை இல்லை தம்பி, தசமபாகம். பத்தில் ஒன்று. இது நம்முடையது இல்லை" என்றார்.

அவர் மனைவியிடம் வேறு ஏற்பாடு. உலையில் போட அரிசி களைவதற்கு முன்னால், ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு பானையில் போடுவார். பானை நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். சம்பாத்தியம் இல்லாத பெண்பிள்ளைகளும் கொடுப்பதற்கு ஒரு வழி அது.

பத்தில் ஒன்று என்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் வாத்தியார் வீட்டுக்கு உறவினர்கள் வந்துவிட்டால் அதுவே பெரிய வியாஜ்யமாகிவிடும். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த மைத்துனர், "சேமநிதிப் பிடித்தம் போகக் கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா, பிடித்தத்துக்கு முன்னாலா?" என்பார். கரும்பு பயிரிட்ட தம்பி, "வெட்டுக்கூலி, உரம், வண்டிச் சத்தம், கடன் எல்லாம் போனால் எனக்கு மிஞ்சுவது சக்கைதான். சக்கையில் பத்தில் ஒன்று கொண்டு வரட்டுமா?" என்பார். திண்ணையில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பின்னாளில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பழைய ஏற்பாட்டில் தானியத்திலும் திராட்ச ரசத்திலும் எண்ணெயிலும் ஆடு மாடுகளிலும் பத்தில் ஒன்று, நிலமில்லாத லேவி வம்சத்தாருக்குப் போயிற்று. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, ஊரிலுள்ள அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் அதில் பங்கு உண்டு. புதிய ஏற்பாட்டிலோ கிறிஸ்தவர்களுக்கு இத்தனை பங்கு என்று ஒரு விகிதமும் விதிக்கப்படவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள், வருத்தத்தோடு கொடுக்காதீர்கள் என்பதுதான் பவுலின் யோசனை. ஆகவே சில சபைகள் பத்தில் ஒன்றை வற்புறுத்துகின்றன. சில சபைகள் சந்தாவோடு நிற்கின்றன. கத்தோலிக்கர்களுக்குத் திருச்சபையைத் தாங்கும் கடமை உண்டு. எல்லாருக்கும் பொதுவான விகிதம் இல்லை.

மனசுக்கு விட்டால் ஒரு சங்கடம், சட்டத்துக்கு விட்டால் இன்னொரு சங்கடம். இங்கிலாந்தில் தசமபாகம் சட்டமாகவே இருந்தது. குடியானவனின் கதிர்க்கட்டிலும் பன்றிக் குட்டியிலும் கூடப் பத்தில் ஒன்றைக் கேட்டார்கள். 1836இல் வந்த சட்டம்தான் அதைப் பணமாக மாற்றியது. ஜெர்மனியில் இன்றைக்கும், சபையில் பெயர் உள்ளவர்களிடம் வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 சதவிகிதம் சபை வரியாக வசூலாகிறது. அங்கே வாத்தியாரின் பிஸ்கட் டப்பாவுக்கு வேலை இல்லை.

நம் தமிழர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா, 1912இல் தோர்ணக்கல்லின் பிஷப்பானார்; ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். அவருடைய ஜனங்களில் பெரும்பாலோர் பரம ஏழைகள். ஏழைதானே என்று அவர்களை அவர் விட்டுவிடவில்லை. அவர்களும் கொடுக்கப் பழக வேண்டும், அந்நியப் பணத்தில் சபை நடக்கக் கூடாது என்றார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார். ஏழையிடம் கேட்பது கொடுமை என்று நாம் நினைக்கிறோம். 'உன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை' என்று ஒருவனிடம் சொல்வதும் கொடுமைதான் என்பதை அவர் கண்டிருக்க வேண்டும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இத்தனையும் சொன்னது அதற்காகத்தான்.

ஒரு வருஷம் என் தகப்பனார் படுத்துவிட்டார். புதுச்சேரிக்கு அழைத்துப் போயாக வேண்டும். 500 ரூபாய் வேண்டும். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அலமாரியில் அந்த டப்பா இருந்தது. அறுப்பின் பண்டிகைக்குச் சேர்த்துக் கொடுப்பதற்காக மூன்று மாதமாக அதை எடுக்கவில்லை. 180ஐ மூன்றால் பெருக்க எனக்குத் தெரியும். உள்ளே 540 ரூபாய் இருந்தது.

வாத்தியார் டப்பாவைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்துத்தான் எங்களுக்குப் பணம் வந்தது.

அப்பா பிழைத்தார். கம்மலை மீட்கப் பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த அம்மாளின் காதில் ஈர்க்குச்சி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாத்தியார்மேல் கோபம் கோபமாக வரும். பணம் சும்மா இருக்கும்போது வட்டிக்கு வாங்குவது என்ன பக்தி?

பெரியவனான பிறகு அவரிடமே கேட்டேன். அதற்குள் எனக்கு வேதாகமத்தில் ஓர் இடம் தெரிந்திருந்தது. 'இது காணிக்கைக்கு நேர்ந்தது' என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டித்த இடம். அதைச் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெகு நேரம் சும்மா இருந்தார். "நான் செய்தது தப்பாக இருக்கலாம் தம்பி. ஆனால் என்னை எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்கப்பாவுக்காகத் திறந்தால், அடுத்த மாதம் என் பெண்ணின் பீஸுக்காகத் திறப்பேன். அதற்கடுத்த மாதம் தீபாவளிக்கு ஊர் எல்லாம் புதுசு உடுத்துகிறதே என்று திறப்பேன். எல்லாமே நல்ல காரணமாகத்தான் இருக்கும். என் கைக்கு நான் போட்ட பூட்டு அது" என்றார்.

உள்ளேயிருந்து அந்த அம்மாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "உங்க பூட்டு உங்களோட. நான் அந்த மாசம் முழுக்கப் பானை அரிசியை இவங்க வீட்டுக்குத்தானே கொடுத்தனுப்பினேன்!"

வாத்தியார் திகைத்துப் போனார். நானும்தான். அப்பா புதுச்சேரியில் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பிடி அரிசியால் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"கோயில் அரிசியையா?" என்றார் வாத்தியார்.

"சாமிக்கு எடுத்து வெச்சது சாமிகிட்டேதான் போச்சு. வேற தெரு வழியாப் போச்சு, அவ்வளவுதான்."

ஒரே வீட்டில் பூட்டும் இருந்தது, சாவியும் இருந்தது. இரண்டும் வேண்டும் என்றுதான் எனக்கு இன்றைக்குத் தோன்றுகிறது. பூட்டு மட்டும் இருந்தால் ஈரம் போய்விடும். சாவி மட்டும் இருந்தாலோ, பானையில் ஒன்றும் சேர்ந்தே இருக்காது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் கதைக்கு எனக்கு 75 ரூபாய் வந்தது. எந்தச் சபைக்கும் நான் கடன்பட்டவன் அல்ல. இருந்தாலும் ஏழரை ரூபாயை யாராவது இல்லாதவருக்குக் கொடுப்பது என்று தீர்மானம் செய்தேன். செலவெல்லாம் போக மீந்ததில் கொடுக்கலாமென்று நினைத்தேன். மீறவில்லை. போன வருஷம் என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிறருக்காக நான் கொடுத்த மொத்தத் தொகை, ஹோட்டலில் காபி குடித்த தொகைக்குக் கீழே இருந்தது. ஏழை விதவை போட்ட இரண்டு காசை எல்லாரையும்விட அதிகம் என்றாரே இயேசு, அது போட்டதைப் பார்த்துச் சொன்ன கணக்கல்ல, மிச்சம் வைத்துக்கொண்டதைப் பார்த்துச் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கில் நான் எங்கே நிற்பேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வாத்தியார் இப்போது இல்லை. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். உலை கொதித்தது. அரிசியைக் களைவதற்கு முன்னால், பழக்கம் மாறாமல் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டார்.

"ஒரு ஆளுக்கு வைக்கிற அரிசியிலும் பிடி எடுக்கணுமா அம்மா?" என்றேன்.

சுருக்கம் விழுந்த கையை விரித்துக் காட்டினார். "கையும் சின்னதாப் போச்சே, தம்பி!"