மீகாவின் வீட்டுக் கோயில்

வேதாகமத்தில் நியாயாதிபதிகள் என்னும் புத்தகத்தைப் படித்தவர்கள் சிம்சோனின் கதையை மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு அடுத்தபடியாக, 17, 18ஆம் அதிகாரங்களில் வரும் மீகாவின் கதையை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. கணக்கெழுதிப் பிழைக்கும் நம் போன்றோர்க்கு அது சுவை மிகுந்த கதை. அதன் தொடக்கமே ஒரு பணக் கணக்கு.

எப்பிராயீம் மலைநாட்டில் வாழ்ந்த மீகா, தன் தாயின் வெள்ளிக்காசு 1,100ஐத் திருடினான். திருடியவன் இன்னான் என்று அறியாத தாய் சாபமிட்டாள். சாபத்துக்கு அஞ்சிய மகன் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். உடனே சாபம் ஆசியாக மாறிற்று. அம்மட்டோ! அப்பணம் முழுவதும் ஆண்டவருக்கே உரியது என்று அவள் நேர்ந்துகொண்டு, 200 காசைத் தட்டானிடம் கொடுத்து விக்கிரகம் செய்வித்தாள். மீதி 900 காசு என்னவாயிற்று? நூல் சொல்லவில்லை. தணிக்கைக்கு வரும் அதிகாரி எவராயினும் அவ்விடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருப்பார். தாயும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய தெய்வமும் அவ்வீட்டில் இல்லை. ஏனெனில் அங்கிருந்த தெய்வம் அவர்கள் பணம் கொடுத்துச் செய்வித்தது.

சங்கத்திலுள்ள சைவ வைணவ அன்பர்கள், உருவ வழிபாட்டைப் பழிக்கவே நாம் இதை எழுதுகிறோம் என்று கொள்ளலாகாது. கோயில் எடுப்பதற்கும் பூசை செய்வதற்கும் ஆகம விதி உண்டு என்பதையும், அதை அவரவர் வசதிக்கேற்ப வளைக்கலாகாது என்பதையும் நம்மினும் அவர்கள் நன்கறிவார்கள். மீகாவின் குற்றம் வேறு. சீனாய் மலையில் அருளப்பட்ட கட்டளைகளின் கீழ்ப் பிறந்தவன் அவன். களவு, பெற்றோர்க்கு இழைத்த அவமதிப்பு, விக்கிரகம் ஆகிய மூன்றிலும் அக்கட்டளைகளை மீறினான். மீறிய பின்னரும் அவற்றைத் தந்த ஆண்டவரின் பெயரை மட்டும் விடாமல் தன் கோயிலுக்குச் சூட்டிக்கொண்டான்.

முதலில் தன் மகன் ஒருவனையே பூசாரியாக்கினான். பின்னர், பெத்லெகேமை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த லேவியன் ஒருவன் அவ்வழியே வந்தான். (நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவன், அவன்மேல் நமக்குச் சிறிது இரக்கம் உண்டு.) ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசு, உடுக்க உடை, உண்ண உணவு என்று பேசி அவனை அமர்த்திக்கொண்டான். லேவியனே பூசாரியாக வாய்த்தபின் ஆண்டவர் தனக்கு நன்மையே செய்வார் என்று மகிழ்ந்தான். முறையான உத்தியோகஸ்தர் ஒருவரை நியமித்துவிட்டால் முறையற்ற காரியமும் முறையாகிவிடும் என்று எண்ணுவோர் அக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். நாட்டில் அரசன் இல்லாத காலம் அது, தனக்குச் சரியென்று பட்டதை ஒவ்வொருவனும் செய்தான் என்று நூலாசிரியர் இவ்விடத்தில் குறிக்கிறார். புத்தகத்தின் கடைசி வசனத்திலும் அதையே மீண்டும் சொல்லி முடிக்கிறார்.

இக்கதையை அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னோம். நிரம்பப் படித்தவர், நேர்மையாளர். “இதில் தவறு என்ன ஐயா? நியாயம் என்பது கடிகாரத்தைப் போன்றது. இந்திய நியம நேரம் 1906 சனவரி முதல் நாளன்றுதான் வந்தது. அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. அதன் பின்னரும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை வைத்துக்கொண்டிருந்தன. எந்த ஊர் மணியைப் பொய் என்பீர்கள்? ஊருக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு தெய்வம், அவரவர்க்கு அவரவர் மணி” என்றார்.

உவமை நன்றாகவே இருந்தது. இரண்டு நாள் நம்மிடம் மறுமொழி இல்லை. வடக்கே குடியேறிய நமக்கு அவர் சொல்வதில் பாதி அனுபவமே. நம்மூரில் மரியாதையாக இருப்பது இங்கே அவமரியாதையாகிறது; இங்கே விருந்தாக இருப்பது நம்மூரில் ஆகாததாகிறது. நம் வீட்டு வழக்கத்தையெல்லாம் தர்மம் என்று பறைசாற்றினால் அண்டை வீட்டார் நகைப்பார்கள். எனினும், அவர் சொன்ன கடிகாரங்களை எண்ணிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. பம்பாய்க்காரர் தாம் துயிலெழுந்த வேளையை நண்பகல் என்று வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வோர் ஊராரும் தங்கள் தலைக்குமேல் சூரியன் வந்த வேளையையே நண்பகல் என்றனர். ஒரே சூரியனுக்குக் கட்டுப்பட்டமையாலேயே அவ்வூர் மணிகள் வேறுபட்டன. மீகாவின் வீட்டிலோ சூரியனையே தட்டான் செய்து கொடுத்துவிட்டான்.

கதையின் பிற்பகுதியை நண்பர் கேட்டிருக்கவில்லை. குடியிருக்க நிலம் தேடிய தாண் கோத்திரத்தார், ஆயுதம் தரித்த 600 பேர், அவ்வழியே வந்தனர். விக்கிரகத்தையும் மற்றப் பூசைப் பொருள்களையும் எடுத்துக்கொண்டனர். ஒரு வீட்டுக்குப் பூசாரியாக இருப்பதைவிட ஒரு கோத்திரத்துக்கே பூசாரியாக இருப்பது நன்றன்றோ என்று லேவியனிடம் கேட்டனர். அவனும் மனமகிழ்ந்து புறப்பட்டான், பதவி உயர்வு! மீகா அயலாரைத் திரட்டிக்கொண்டு பின்தொடர்ந்தான். தான் செய்த தெய்வங்களைக் கொண்டுபோய்விட்டீர்களே, தனக்கு இனி என்ன இருக்கிறது என்று கதறினான். வாயை மூடாவிட்டால் உயிர் தப்பாது என்றனர் அவர்கள். அவர்கள் பலத்தைக் கண்டு வீடு திரும்பினான்.

திரும்பாமல் வேறென்ன செய்வான்? களவு தவறு என்று சொல்ல அவனுக்கு வாய் ஏது? தன் மனத்துக்குச் சரியென்று பட்டதை அவன் செய்தான். தங்கள் மனத்துக்குச் சரியென்று பட்டதை 600 பேர் செய்தனர். பொதுவான நியாயம் ஒன்று இல்லையென்றால், எண்ணிக்கையே நியாயம். அவர்கள் அதன் பின் லாயீஸ் என்னும் ஊருக்குச் சென்றனர். அமைதியாக வாழ்ந்த மக்கள். துணைக்கு வரக்கூடிய சீதோன் வெகு தொலைவில் இருந்தது. அவர்களை வெட்டி, ஊரைக் கொளுத்தி, அங்கே தாண் என்னும் பட்டணத்தைக் கட்டினர். 1,100 காசிலும் விக்கிரகத்திலும் லாயீஸ் மக்களுக்கு ஒரு பங்குமில்லை.

பிற்காலத்தில் அதே தாணில்தான் யெரொபெயாம் அரசன் பொன் கன்றுக்குட்டியை நிறுத்தினான். மக்களுக்கு அவன் கூறிய காரணம், எருசலேமுக்குப் போய்வருவது வருத்தம் என்பது. இவ்விடம் படிக்கும்போதெல்லாம் நமக்குச் சுருக்கென்கிறது. ஏனெனில் தமிழ் ஆராதனைக்கு நாமும் மாதம் ஒரு முறையே பெரிய ஊருக்குப் போகிறோம். மற்ற ஞாயிறுகளில் ரயில்வே குடியிருப்பிலுள்ள ஐந்து குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுகின்றோம். வீட்டில் கூடுவது குற்றமன்று. கிலவுதியு பேரரசனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேறிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்கள் வீட்டில் சபை கூட்டியவர்களே.

ஆனால் சென்ற மாதம் ஒரு யோசனை எழுந்தது. இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்குப் பாவ அறிக்கை மனச்சோர்வைத் தருகிறது, பிள்ளைகளுக்கும் புரிவதில்லை, பாட்டும் ஜெபமும் போதுமே என்றனர் சிலர். சொன்னவர்கள் நல்லவர்கள், களைப்பும் பொய்யன்று. ஆயினும் ஆராதனை முழுவதிலும் அந்த 900 காசைப்பற்றி நம்மிடம் கேட்கும் இடம் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நாமே நமக்குப் பாடிக்கொள்ளும் பாட்டு.

வரும் ஞாயிறு நம் வீட்டு முறை. பாவ அறிக்கை உண்டு என்று நான்கு வீட்டாருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். இரண்டு வீடுகளிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.