தலைக்கு ஊற்றும் தண்ணீர்

குளியலறைத் தரை வெள்ளை டைல்ஸ் என்பதால் அன்று அது நன்றாகவே தெரிந்தது. சீயக்காய் நுரையோடு கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கி, மூலையில் சுழன்று, ஓட்டைக்குள் போனது. அண்ணன் மகன் கல்யாணத்துக்காக முந்தின நாள்தான் பாளையங்கோட்டையில் ஒரு பார்லரில் உட்கார்ந்து, 54 வயதில் முதல்முறையாகத் தலைக்குக் கலர் போட்டிருந்தேன். "மூணு நாளைக்குத் தலைக்கு ஊத்திராதீய, அக்கா" என்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் அனுப்பினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. விவரம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவள் நான். கை தானாகக் கிண்ணத்தை எடுத்துவிட்டது.

அந்த மூன்று நாள் எதற்கு என்பதை நிறம் போன பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில் மாதிரி ஓர் அடுக்கு மூடியிருக்கிறது. பார்லரில் பூசும் கலவையில் இருக்கும் அம்மோனியா அந்தச் செதில்களைக் கிளப்பிவிடும். கிளம்பிய இடுக்கில் நிறமற்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழையும். பெராக்சைடு அவற்றை அங்கேயே ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாக்கி நிறமேற்றும். பெரிதானது எளிதில் வெளியே வராது. ஆனால் அதற்குச் செதில்கள் திரும்பப் படிந்திருக்க வேண்டும். அவை படிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். நானோ அதற்குள் நல்லெண்ணெய், வெந்நீர், சீயக்காய் மூன்றையும் கொண்டுபோய் அதன்மேல் கொட்டிவிட்டேன். வெந்நீரில் முடி உப்பும். சீயக்காய் எண்ணெயோடு நிறத்தையும் இழுக்கும்; அதன் தூள் செதிலை உரசவும் செய்யும்.

சீயக்காயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேரன்மாதேவியில் ஆச்சி அரைத்து வைத்திருந்த சீயக்காயில் வளர்ந்த முடி இது. ஆனால் ஆச்சியின் தலையில் கலர் ஏறியதில்லை. அவள் முடிக்குச் சரியாக இருந்தது இன்றைய என் முடிக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவளிடமிருந்து நான் இப்போதும் வைத்திருப்பது வடிகஞ்சி மட்டும்தான். முந்தின நாள் வடித்த கஞ்சி லேசாகப் புளித்திருக்கும். அதில்தான் சீயக்காயைக் கரைப்பாள். நான் சீயக்காயை விட்டுவிட்டு, கஞ்சியின் தெளிவை இறுத்து, இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, கடைசியாகத் தலையில் ஊற்றி அலசுகிறேன். கலர்க் கலவை காரத்தன்மை உள்ளது. முடியோ இயல்பில் சற்றுப் புளிப்பின் பக்கம் இருப்பது. அந்த மெல்லிய புளிப்பில் செதில்கள் படிகின்றன.

இதையெல்லாம் செய்தும் முதல் இரண்டு மாதம் முடி தேங்காய் நார் போலத்தான் இருந்தது. கலரால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் சேரன்மாதேவியில் தங்க வேண்டி வந்தது. அதே ஷாம்பு, அதே சீப்பு. இரண்டாவது குளியலிலேயே முடி விரலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அங்கே குழாயில் வருவது தாமிரபரணி ஆற்றுத் தண்ணீர். பாளையங்கோட்டையில் என் வீட்டில் குளிக்க இருப்பது போர்வெல். துவரம்பருப்பு வேகாத தண்ணீர். வாளியின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தச் சுண்ணாம்பு உப்பு என் முடியிலும் அப்படித்தானே படிந்திருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

பொதிகை மலையில் பெய்த மழை பாறையிலும் காட்டிலும் சட்டென்று இறங்கி வருவதால் தாமிரபரணிக்கு உப்பைச் சேர்த்துக்கொள்ள நேரமில்லை. எங்கள் ஊர் அல்வாவின் ருசிக்கு அந்தத் தண்ணீரைக் காரணம் சொல்கிற நாம், தலைக்கு மட்டும் ஏன் எது கிடைத்தாலும் போதும் என்று இருக்கிறோம்? இப்போது மாநகராட்சிக் குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது சமையலுக்கு எடுத்தது போக ஒரு வாளி என் தலைக்கு என்று தனியாக வைத்துவிடுகிறேன். வெந்நீர் கிடையாது. வாரத்தில் இரண்டு முறைக்கு மேலும் கிடையாது. முடி நனையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறம் போகத்தான் செய்யும். சல்பேட் இல்லாத ஷாம்பு நுரை குறைவாகத்தான் வரும், அது போதும். கண்டிஷனரை நுனிப்பக்கம் மட்டும் தடவி, பல் அகன்ற சீப்பால் இழுத்துவிட்டு அலசுகிறேன். துண்டால் முறுக்கிக் கட்டுவதை விட்டுவிட்டேன்; ஒற்றி எடுத்தாலே போதும். வெயிலில் போனால் முந்தானை தலைக்கு ஏறிவிடும். நல்லெண்ணெய்க் குளியலை அடுத்த கலருக்கு முந்தின வாரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டேன். அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது கலர் போடக் கிளம்பினால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் மதினி கடையில் வாங்கிய பாக்கெட்டைக் கரைத்து நேராகத் தலையில் பூசி, முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் மூன்று நாள் கிடந்தாள். கருமை தரும் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி என்ற பொருள் இருக்கும். சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். முன்பு பாக்கெட் மருதாணி போட்டிருந்தால் பார்லரில் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகிப் பொசுங்கி ஒடியும்.

அந்தக் கடுங்காப்பித் தண்ணீர் என் நினைவை விட்டுப் போகவில்லை. ஓட்டைக்குள் போனது எங்கே போயிருக்கும்? எங்கள் ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது. குற்றாலத்து அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க அதே நீதிமன்றம் தடை போட்டது. அந்த அருவித் தண்ணீரும் சிற்றாறாக வந்து தாமிரபரணியில்தான் சேர்கிறது. என் முடிக்கு மிருதுவைத் தந்த ஆற்றுக்கு நான் சாயத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்பது எனக்கு வலிக்கிறது. கலரை விட்டுவிடவும் இல்லை. மூன்று நாள் பொறுத்துக் குளித்தால் இறங்கும் சாயம் குறைகிறது. அந்த முதல் அலசலை ஒரு வாளியில் பிடித்து, மேலும் தண்ணீர் விட்டு, கொல்லையில் செடிகொடி இல்லாத மூலையில் ஊற்றுகிறேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவை நினைத்துப் பாபநாசத்தில் இதே ஆற்றில் முழுகுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருஷம் பார்லரில் நாள் கேட்டபோது ஆடியில் நேரம் இருக்கிறது என்றார்கள். வேண்டாம் என்று வைகாசியிலேயே முடித்துக்கொண்டேன். பாபநாசத்துப் படித்துறைக்கு வந்தபோது வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்கு நரை எழுந்திருந்தது. "தெரியுது பாரு" என்றாள் அம்மா. தெரியட்டும் என்று மூன்று முறை முழுகினேன். எழுந்து முடியைப் பிழிந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.