ரிம்மரின் விடுதலை

விண்வெளிக் கதைகளில் எனக்கு வெகுநாள் ஈடுபாடு இருந்ததில்லை. காரணம் விஞ்ஞானம் அல்ல; அதில் வரும் மனிதர்கள். 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் துவங்கிய 'ஸ்டார் ட்ரெக்'கில் எல்லோரும் தங்கள் வேலையைத் திறம்படச் செய்கிறவர்கள். அவர்களுடைய தவறுகள்கூடப் பெரிய மனிதர்களின் தவறுகள். அந்தக் கப்பலில் அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடுகிறவன் யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

ஜான் கார்பென்டரின் 'டார்க் ஸ்டார்' (1974) வேறு மாதிரி. வெடிகுண்டுகளைச் சுமந்துகொண்டு 20 வருஷமாகச் சுற்றும் கப்பல். சலிப்பில் ஊறிப்போன நாலு பேர். கழிப்பறைக் காகிதம் முழுவதும் ஒரு விபத்தில் போய்விட்டது என்பது அவர்கள் பிரச்சனைகளில் ஒன்று. இந்தத் திசையில் முழு மூச்சாகப் போனது ராப் க்ராண்ட், டக் நெய்லர் இருவரும் எழுதி, 1988 பிப்ரவரியில் பி.பி.சி.யில் ஆரம்பித்த 'ரெட் ட்வார்ஃப்'.

லிஸ்டர் கப்பலின் கடைசிப் படியில் இருப்பவன். அவனுக்கு நேர் மேல்படியில் ரிம்மர். உணவு தரும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது, கோழி சூப் வரும் குழாயில் அடைப்பெடுப்பது ஆகியவை இருவருக்கும் வேலை. ஒரு பூனையை ஒளித்துவைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்க மறுத்த குற்றத்துக்காக லிஸ்டரைக் காலம் நகராத அறையில் அடைக்கிறார்கள். கதிர்வீச்சு கசிந்து மற்ற எல்லோரும் செத்துப்போகிறார்கள். 30 லட்சம் வருஷம் கழித்து அவன் வெளியே வரும்போது, துணைக்கென்று கம்ப்யூட்டர் எழுப்பித் தருவது ரிம்மரின் ஒளியுருவத்தை. அவனால் எதையும் தொட முடியாது. ஆனால் உத்தரவிட முடியும். மனித குலம் முடிந்துவிட்டது. ரிம்மர் ஒரு படி மேலே என்பது மட்டும் முடியவில்லை.

இந்த ரிம்மர் அதிகாரியாவதற்காகத் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதியவன். ஒரு தடவை தான் ஒரு மீன் என்று 400 முறை எழுதிவைத்துவிட்டு மயங்கி விழுந்தவன். கேப்டனின் மேஜையில் சாப்பிட ஒரே ஒரு முறை அழைப்பு வந்தது. கஸ்பாச்சோ என்ற ஸ்பானிய சூப் வைத்தார்கள். ஆறிப்போயிருக்கிறதே என்று சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னான். மேஜையே சிரித்தது. அந்த சூப்பை ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள் என்று மட்டும் தெரிந்திருந்தால் தன் வாழ்க்கையே வேறாகியிருக்கும் என்று அவன் நம்புகிறான். சாகும்போது அவன் வாயில் கடைசியாக வந்தது அந்த சூப்பின் பெயர்.

நானும் சிரித்தேன். பிறகு, இங்கே சிரிக்கிறவர்கள் யார் என்று யோசித்தேன். சூப்பைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். எனக்குத் தெரியாது. புத்தகத்தில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் சிரித்தேன். ஆங்கில இலக்கியம் படித்தவனுடைய சிரிப்பு பெரும்பாலும் இந்த ரகம். அடிக்குறிப்பைப் படித்த பிறகு வருவது. கேப்டனின் மேஜையில் எனக்கு இடமில்லை; ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவன்போலச் சிரிக்கப் பழகியிருக்கிறேன். ரிம்மர் செய்ததும் அதைத்தானே.

1991-ல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் ரிம்மர்மேல் விசாரணை நடக்கிறது. மனதைத் துருவிப் பார்க்கும் இயந்திரம் அவனுக்குள் இருக்கும் குற்ற உணர்வைக் கண்டுபிடித்துவிடுகிறது. கசிவுக்குக் காரணமான பாகத்தைச் சரியாகப் பழுது பார்க்காதவன் அவன். அத்தனை சாவும் அவன் கணக்கில். தண்டனை 9,328 வருஷம். அவனுக்காக வாதாட வரும் க்ரைட்டன் என்ற இயந்திர மனிதன் குற்றத்தை மறுக்கவில்லை, மனிதனையே மறுக்கிறான். சூப் இயந்திரம் துடைக்கிற ஒருவனிடம் அவ்வளவு பெரிய பொறுப்பை யார் கொடுப்பார்கள்? கப்பலையே அழிக்கும் அளவுக்கு இவன் முக்கியமானவனா? தன்னைக் காப்பாற்றவரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ரிம்மர் எழுந்து ஆட்சேபணை தெரிவிக்கிறான். விடுதலையாகிறான்.

நான் வங்கியில் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவரின் வைப்புத்தொகை தவறாகப் புதுப்பிக்கப்பட்டது. மருந்துச் செலவுக்கு மாதாமாதம் வட்டி வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசியில் மொத்தமாகச் சேரும் கணக்கில் போய்விட்டது. படிவத்தை வாங்கியவன் நான். மூன்று தடவை வந்து என் முன்னால் நின்றார். "தம்பி, நீங்கதானே போட்டீங்க?" என்றதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கட்டம் மாற்றிக் குறித்துவிட்டேன் என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். கடைசியில் மேனேஜரிடம் போய் ஒப்புக்கொண்டேன். திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஃபாரத்தை யாரும் பார்க்கவே இல்லை சார். கம்ப்யூட்டர் தானா புதுப்பிச்சிருக்கு."

கணக்கைச் சரிசெய்தார்கள். நிம்மதி ஒரு ராத்திரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பது இன்னும் இருக்கிறது.

குற்ற உணர்வை நாம் மனசாட்சி என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் பாதி, உலகத்தில் ஏதோ ஒன்று நம்மால் நடந்தது என்ற ஆசை. இதைச் சொல்ல ஒரு கோமாளித்தனமான தொடர் தேவைப்பட்டிருக்கிறது. நம்முடைய கனமான நாவல்களில் தன்னையே விசாரித்துக்கொள்ளும் குமாஸ்தாக்கள் அநேகம். அவர்களிடம் யாரும் இப்படி வாதாடியதில்லை. 1997-ல் ரிம்மரை ஒரு வீரனாக்கிக் கப்பலைவிட்டு அனுப்பினார்கள். அது எனக்குப் பொய்யாகப் பட்டது. அவனைத் திருத்தாமல், மன்னிக்காமல், அதே அறையில் லிஸ்டரோடு விட்டுவைத்த பகுதிகளில்தான் இந்தத் தொடரின் நேர்மை இருக்கிறது.

பெரியவர் மாதம் ஒரு தடவை வருகிறார். தவறு என்னுடையது என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பார்த்துக் கவனமாகப் போடச் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.