பின்லாந்தின் தூண்டில்காரர்கள்

மீன் வாங்கச் சந்தைக்குப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? செவுளைத் தூக்கி அதன் சிவப்பைப் பார்ப்பீர்கள். கண் மங்கியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். மும்பையில் குடியேறினாலும் டெல்லியில் குடியேறினாலும் நம் தாய்மாரை விட்டு இந்தப் பழக்கம் போவதில்லை. வட ஐரோப்பாவில் பின்லாந்து நாட்டின் சைமா ஏரியில் தூண்டில் போடுகிறவர், சால்மன் மீனைப் படகருகே இழுத்தவுடன் பார்ப்பது வேறொன்று. முதுகில், வாலுக்குச் சற்று முன்னே, விரல் நுனி அளவில் சதைப்பற்றான ஒரு சிறு துடுப்பு அந்த மீனுக்கு உண்டு. கொழுப்புத் துடுப்பு என்று அதற்குப் பெயர். அது இருந்தால் மீன் ஏரிக்கே திரும்ப வேண்டும். அது இல்லாதிருந்தால்தான் மீன் வீட்டுக்கு வரலாம்.

இப்படி ஒரு வழக்கம் ஏன் வந்தது என்பதைப் பார்க்குமுன் அந்த நாட்டைச் சற்றுச் சுற்றி வருவோம். உங்கள் குடும்பத்திலோ சபையிலோ உள்ள பிள்ளைகளில் ஒருவர் கணினி வேலைக்காக ஹெல்சிங்கிக்கோ அதை ஒட்டிய எஸ்போ நகரத்துக்கோ போயிருக்கக்கூடும். அவர் அனுப்பும் புகைப்படங்களில் எங்காவது ஓரிடத்தில் நீர் தெரியாமல் இராது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலும் அங்கே ஏறக்குறைய 1,88,000 ஏரிகள் இருக்கின்றன. மக்கள்தொகையோ 56 லட்சந்தான். அவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு ஆண்டில் ஒருமுறையேனும் மீன்பிடிக்கப் போகிறவர்கள். பிழைப்புக்காக அன்று, விடுமுறையில், ஓய்வில், பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள்.

அந்நாட்டு ஏரிகளில் பெரும்பகுதி கரையோரக் கிராமத்தாருக்குக் கூட்டுச் சொத்தாக உள்ள தனியார் நீர்தான். ஆனாலும் ஒரு கோலில் கயிறும் கொக்கியும் கட்டிப் புழுவைக் கோத்துப் போடுவதற்கும், உறைந்த ஏரியில் துளையிட்டுக் குறுந்தூண்டில் இறக்குவதற்கும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை, காசு கட்டவேண்டியதுமில்லை. அயல்நாட்டாருக்கும் அந்த உரிமை உண்டு. மீன்கள் வலசை வரும் ஆறுகளின் துள்ளோட்டங்கள் போன்ற சில இடங்கள்தாம் விலக்கு. சக்கரம் பொருத்திய கோலில் பொய்மீனைக் கட்டி வீசுவதென்றால் மட்டும் 18 வயது முதல் 69 வயது வரையுள்ளோர் அரசுக்கு ஒரு மீன்வளக் கட்டணம் செலுத்த வேண்டும். சுவிசேஷங்களில் வலை பலமுறை வருகிறது. தூண்டில் வருவது பேதுரு வரிப்பணத்துக்காக அனுப்பப்பட்ட அந்த ஒரே இடத்தில் (மத்தேயு 17). அவர் கையில் இருந்ததும் இந்த எளிய வகைத் தூண்டிலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் அந்த ஏரிகள் கல்போல் உறைந்துவிடுகின்றன. அப்போதும் அந்த மக்கள் வீட்டில் அடைந்து கிடப்பதில்லை. கையால் திருகும் நீண்ட துளைப்பானால் பனிக்கட்டியில் ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான துளை போடுகிறார்கள். முதுகுப்பையோடு இணைந்த சிறு முக்காலியை விரித்து அதன்மேல் அமர்கிறார்கள். தூண்டிற்கோல் நம் முழங்கை நீளங்கூட இராது. அதை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் அகப்படுவது பெர்ச் என்னும் கோடு போட்ட மீன். அவர்கள் மொழியில் அஹ்வென். கையகலந்தான் இருக்கும், முள் குத்தும், ஆனால் சுவை அருமை என்பார்கள்.

கடினமான பனிக்கட்டி 5 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஒரு மனிதர் அதன்மேல் நடக்கலாம் என்பது அங்கே பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கயிற்றில் கோத்த இரண்டு கூரிய ஆணிப்பிடிகளை ஒவ்வொருவரும் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். பனிக்கட்டி உடைந்து நீரில் விழ நேர்ந்தால், அவற்றைக் கட்டிமேல் குத்திக் குத்தித்தான் வெளியே ஏற முடியும். வெறுங்கை வழுக்கிவிடும்.

உலகெங்கும் தூண்டில்காரர் பெட்டியில் கிடக்கும் ஒரு பொருளும் இந்த ஏரிகளில் பிறந்ததே. லவ்ரி ரபாலா என்பவர் பையன்னே ஏரியில் மீன்பிடித்து வாழ்ந்த ஏழை. சிறுமீன் கூட்டத்தில் காயம்பட்டுத் தள்ளாடி நீந்தும் மீனையே பெரிய மீன் தேடிப் பிடிக்கிறது என்பதைப் படகிலிருந்தபடி கவனித்தார். 1936-ல் தக்கையைச் சீவி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளைப் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசி, அதே தள்ளாட்டத்தோடு நீந்தும் பொய்மீன் ஒன்றைச் செய்தார். அவர் பெயரே இன்று அந்த நிறுவனத்தின் பெயர்.

பிடித்ததை அவர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள்? முதலாவது பேச்சில். மீனை இரு கைகளில் ஏந்திப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். நீளம், எடை, எந்தப் பொய்மீனில் கடித்தது எல்லாவற்றையும் சொல்வார்கள். பிடித்த இடத்தை மாத்திரம் சொல்லமாட்டார்கள். நன்றாகக் கடிக்கும் இடத்துக்கு ‘ஒட்டிபைக்கா’ என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைத் தகப்பன் மகனுக்குத்தான் காட்டுவான். நீளம் சற்றுக் கூடிப்போவதும் உண்டு. அதற்கும் ‘கலவலே’ என்றொரு சொல் இருக்கிறது: மீன்பொய் என்று பொருள். ஒரு பாவத்துக்குத் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அது அங்கே சாதாரணம் போலும்!

இரண்டாவது உணவில். ஏரிக்கரைக் குடிலின் பின்புறம் தகரப்பெட்டி ஒன்று இருக்கும். அடியில் ஆல்டர் மரச்சீவல்களைத் தூவி, மேலே கம்பித்தட்டில் உப்பிட்ட மீன்களை அடுக்கி, மூடித் தீ மூட்டுவார்கள். அரைமணி நேரத்தில் மீன் பொன்னிறமாகி வெளிவரும். குவோப்பியோ நகரத்தார் சிறுமீன்களைப் பன்றிக்கொழுப்போடு சேர்த்துக் கம்புமாவு போன்ற கருநிற ரை மாவில் பொதிந்து, முள் கரையும்வரை மணிக்கணக்கில் வேகவைத்து, ரொட்டியாகவே எடுக்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு ஒரு பங்கு போகும். உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்த மீன்சூப்பு எல்லா வீட்டிலும் உண்டு.

ஏரிகளை விட்டுக் கடலோரம் வந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கலிலேயாக் கடல் என்று நாம் வாசிப்பது உண்மையில் நன்னீர் ஏரி. பின்லாந்தைச் சூழ்ந்த பால்டிக் கடலோ பாதி ஏரி. பெருங்கடல் நீர் ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு என்றால், பின்லாந்துக் கரையில் ஏறத்தாழ 6 பங்குதான். ஆகையால் ஏரியில் வாழும் அதே பெர்ச்சும், வாத்தலகு போன்ற வாயுடைய பைக் மீனும் ஹெல்சிங்கி நகரக் கடலிலும் நீந்துகின்றன. வசந்தத்தில் சிலாக்கா என்னும் சிறு கடல்மீன் கரையை நெருங்கி வரும்போது, பாலங்களின்மேல் வரிசையாக மக்கள் நின்று, பல சிறு கொக்கிகள் கட்டிய ஒரே கயிற்றை இறக்கி நான்கைந்தாகத் தூக்குவார்கள். அந்த மீனுக்கென்று அக்டோபரில் ஹெல்சிங்கி துறைமுகச் சதுக்கத்தில் ஒரு சந்தை கூடுகிறது. 1743 முதல் நடந்துவரும் சந்தை. தீவுகளிலிருந்து வரும் மீனவர்கள் படகில் நின்றபடியே உப்பிட்ட சிலாக்காவை விற்கிறார்கள்.

அங்கே குடும்பத்தோடு இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பைக் மீனில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை உண்ணவேண்டாம் என்று அந்நாட்டு உணவுத்துறை அறிவுறுத்துகிறது. பெரிய சிலாக்காவையும் பால்டிக் கடலில் பிடித்த சால்மனையும் பிள்ளைகளுக்கு மாதம் ஓரிரு முறைக்கு மேல் கொடுக்கவேண்டாம் என்கிறது. காரணம், டையாக்சின் என்னும் நச்சுப்பொருள். சிறு பெர்ச்சுக்கு இந்த அச்சம் இல்லை.

இனி சைமாவுக்குத் திரும்புவோம். நாட்டின் தென்கிழக்கில் 4,400 சதுர கிலோமீட்டர் பரந்து, பல்லாயிரம் தீவுகளால் சிதறுண்டு கிடக்கும் ஏரி அது. பனியுகம் முடிந்து பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலெழும்பியபோது, கடலின் ஒரு பகுதி அறுபட்டு உள்நாட்டில் நின்றுவிட்டது. அதில் அகப்பட்ட சால்மன்கள் கடலை மறந்தன. அவற்றின் சந்ததி இன்றுவரை ஏரியில் வளர்ந்து, பியெலிஸ் ஆற்றிலும் கொய்த்தா ஆற்றிலும் ஏறி, வேகநீர் ஓடும் சரளைக்கற்களிடையே முட்டையிட்டு வந்தது. 1950-களிலிருந்து அந்த ஆறுகளில் மின்சாரத்துக்காக அணைகள் எழும்பின. துள்ளோட்டங்கள் மூழ்கின. மீன் ஏறிவந்து அணைச்சுவரில் முட்டி நின்றது. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு வாழ்ந்த ஒரு மீனினம் ஒரு தலைமுறைக்குள் தானாகப் பிறக்கும் வழியை இழந்தது.

அதை முற்றும் அழியாமல் காத்தது மனிதர் கையே. கூர்னா அணையின் கீழே வந்து நிற்கும் தாய்மீன்களைப் பிடித்து, முட்டையெடுத்து, எனோன்கோஸ்கி குஞ்சுப்பண்ணையில் வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். விடுமுன் ஒவ்வொரு குஞ்சின் கொழுப்புத் துடுப்பையும் நறுக்கிவிடுகிறார்கள். அது மீண்டும் வளராது. ஆகவே துடுப்போடு ஒரு சால்மன் தூண்டிலில் வந்தால், அது எங்கோ எஞ்சிய சரளையில் தானாகப் பிறந்தது என்று பொருள். அத்தகைய மீனை ஆண்டில் எந்நாளிலும் கொல்லக்கூடாது என்பது சட்டம். துடுப்பில்லாததை 60 சென்டிமீட்டர் நிறைந்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏரிவாழ் டிரவுட் மீனுக்கும் நாட்டின் தென்பாதியில் இதே முறை, அளவு 50.

படகில் காவலர் எவரும் இல்லை. ஒரு கோடைக்காலம் முழுவதும் அலைந்தவருக்கு ஒரே ஒரு பெரிய சால்மன் அகப்பட்டு, அதில் துடுப்பும் இருந்துவிட்டால், சோதனை சிறிதன்று. விட்டால் மாத்திரம் போதாது என்பது என் எண்ணம். வெதுவெதுப்பான மேல்நீரில் நெடுநேரம் போராடி இழுக்கப்பட்ட மீன் நீந்திப்போனாலும் பிழைப்பது உறுதியில்லை. பொறுப்புள்ளவர்கள் கொக்கியின் முள்ளை முன்கூட்டியே நசுக்கிவிடுகிறார்கள்; மீனை நீரிலிருந்து தூக்காமல், கையை நனைத்துக்கொண்டு விடுவிக்கிறார்கள். படம் எடுக்கும் ஆசையை அப்போது அடக்கவேண்டியிருக்கிறது. கொய்த்தா ஆற்றின் கீழ்ப்பகுதியில் இப்போது நீரைக் கூட்டிவிட்டுச் சரளையும் கொட்டியிருக்கிறார்கள். அங்கே சில குஞ்சுகள் மறுபடியும் தாமாகவே பிறந்துள்ளன.

அதே ஏரியில் கடலிலிருந்து அறுபட்ட இன்னொரு குடியும் உண்டு: சைமா வளையச்சீல். 1980-களில் 150 அளவுக்குச் சுருங்கியிருந்த இந்த நீர்நாய் போன்ற விலங்கு, இன்று 400-ஐத் தாண்டியிருக்கிறது. குட்டிகள் வலையில் சிக்கி மூச்சடைத்துச் சாவதால், அவை வாழும் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் குறைந்தது ஜூன் 30 வரை வலைக்குத் தடை, தூண்டிலுக்குத் தடையில்லை. பனிக்குவியலின் உள்ளேதான் சீல் ஈனும். பனி குறைந்த ஆண்டுகளில் தொண்டர்கள் உறைந்த ஏரிமேல் சென்று, மண்வெட்டியால் பனியைக் குவித்துக் கொடுக்கிறார்கள்.

வடகோடியில் நார்வே எல்லையாக ஓடும் தேனோ ஆற்றின் கதை இதைவிடத் துயரமானது. கடலிலிருந்து திரும்பும் சால்மன் வெகுவாகக் குறைந்ததால் 2021-ல் அங்கே சால்மன் பிடிப்பு தடை செய்யப்பட்டது. சாமி மக்களுக்கு அது பொழுதுபோக்கு அன்று. பாட்டன் வழி வந்த பிழைப்பு.

கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஹெல்சிங்கியிலிருந்து ரயிலேறிச் சவோன்லின்னாவுக்குப் போகலாம். 1475-ல் கட்டத் தொடங்கிய ஓலாவின்லின்னாக் கோட்டை நீர் நடுவே நிற்கிறது. அதற்கு அருகே சந்தைத்திடலில் முய்க்கு மீனை ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தட்டில் குவித்துத் தருகிறார்கள். நம் நெத்திலியைவிடச் சற்றுப் பெரிது, முள்ளோடு தின்னலாம். பொரித்ததன்மேல் உப்பு தூவியிருப்பார்கள். மிளகாய்த்தூள் வேண்டுமானால் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.