ஜெய்சல்மேர்: கோட்டையைப் பாருங்க, கோட்டைக்குள்ள தங்காதீங்க

"பாலைவனம் பாக்கணும், எங்க தங்கறது, என்ன திங்கறது, எதெல்லாம் சுத்திப் பாக்கறது?"ன்னு நண்பர்கள் ரெண்டு பேர் கேட்டு மாசக்கணக்காச்சு. பட்டறைல ஆணி ஜாஸ்தி, எழுத முடியல. இன்னிக்கு மெஷின் ஒண்ணு ரிப்பேர். அதனால மாட்டினீங்க மக்களே :-)

போன ஜனவரில குடும்பத்தோட ஜெய்சல்மேர் போயிட்டு வந்தோம். நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போயிடுங்க. வெயில் காலத்துல போனா வறுத்து எடுத்துரும். கோவைல இருந்து மும்பை, அங்கிருந்து ஜோத்பூர் வரைக்கும் விமானம். ஜோத்பூர்ல இருந்து ரயில். 280 கிலோமீட்டர் சொச்சம், ஆறு மணி நேரம் ஆகும். ஜன்னல்ல மணல் வந்து அப்பும். ஸ்வெட்டர் மறக்காதீங்க, ராத்திரி நெம்ப குளுரு. "பாலைவனத்துக்கு எதுக்கு அம்மணி ஸ்வெட்டர்?"னு நக்கல் பண்ணின நான், மூணு நாளும் தங்கமணியோட சால்வையில சுருண்டு கெடந்தேன். அவ்வ்வ்வ்.

எங்க தங்கறது?

இங்கதான் கதையே. 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டின கோட்டை. திரிகூட மலை மேல மஞ்சள் மணற்கல்லுல 99 கொத்தளம். சாயங்கால வெயில் பட்டா நெசமாவே தங்கம் மாதிரி இருக்கும். சத்யஜித் ராய் 1974-ல் 'சோனார் கெல்லா'ன்னு படமே எடுத்தாரு. 2013-ல் ராஜஸ்தானோட ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்ப இதுவும் சேர்ந்தது. மத்த கோட்டை மாதிரி டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு வர்ற வெறும் கட்டடம் இல்லீங்க இது. ஆயிரக்கணக்கான சனம் இன்னும் உள்ள குடியிருக்கு. வீடு, கடை, கோயில், விடுதி எல்லாம் உள்ளயே. "கோட்டைக்குள்ளயே தூங்கலாம்ப்பா"ன்னு பையன் ஆசைப்பட்டான். உள்ள ஒரு சின்ன விடுதில ரூம் போட்டோம். ஜன்னலைத் திறந்தா மொத்த ஊரும் காலுக்குக் கீழ. தங்கமணிக்குக் கண்ணு கொள்ளல.

ராத்திரி குளிக்கப் போனேன். நல்ல ஷவர், சுடுதண்ணி. ஆனா பாத்ரூம் செவுத்துல இடுப்பு உயரத்துக்கு ஓதம். தொட்டா கல்லு மாவு மாவா உதிருது. இருபது வருசமா சாயப்பட்டறைல தண்ணியோட மாரடிக்கறவனுங்க நான். ஒழுகற தண்ணி எங்க போகும்னு கண்ணு தானா தேடும்.

காலைல விடுதிக்காரரோட அப்பா வெயில்ல உக்காந்திருந்தாரு. பட்டறைல பீகார் பசங்ககிட்ட கத்துக்கிட்ட இந்தில கேட்டேன். "பாபுஜி, ஓதம் எத்தனை வருசமா?" அவர் சிரிச்சாரு. "நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப பொம்பளைங்க கீழ கடிசர் ஏரில இருந்து குடத்துல தண்ணி சுமந்துட்டு வருவாங்க. குளிச்ச தண்ணியைக் கூட ஊத்தறதுக்கு மனசு வராது. இப்ப குழாய் வந்துருச்சு, டூரிஸ்டும் வந்துட்டாங்க. கொடத்துல வந்தது குழாய்ல வருது. வந்த தண்ணி எங்க போகும் பேட்டா? கீழதான போகணும்"னாரு.

மழையே இல்லாத ஊருக்குன்னு கட்டின கோட்டை இது. வருசத்துக்கு 200 மில்லிமீட்டருக்குள்ளதான் பெய்யும். நம்ம திருப்பூர்ல அதைப்போல மூணு மடங்கு. அடில இருக்கறது மெத்துப் பாறையும் களியும். குழாய்த் தண்ணியும் சாக்கடையும் கசிஞ்சு எறங்கி அஸ்திவாரம் ஊறிப்போயி 1990-கள்ல சில கொத்தளங்கள் சரிஞ்சே விழுந்துச்சு. 'வேர்ல்ட் மானுமென்ட்ஸ் ஃபண்ட்' ஆபத்துல இருக்கற சின்னங்கள் பட்டியல்ல 1996, 1998, 2000-னு மூணு தடவை இதைச் சேத்தாங்க. எண்ணூத்திச் சொச்சம் வருசமா நின்ன கோட்டையை நம்ம குளிக்கற தண்ணி கரைச்சுட்டு இருக்கு.

அன்னிக்கே காலி பண்ணிட்டு கீழ ஒரு விடுதிக்கு மாறிட்டோம். பையன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான். விடுதிக்காரர் கோவப்படல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "நீங்க ஒரு ஆள் போறதால கோட்டை நின்னுருமா சார்?"

பதில் சொல்ல முடியலீங்க. ஏன்னு கடைசில சொல்றேன்.

என் சிபாரிசு: கோட்டைக்குக் கீழ, கோட்டை தெரியற மாதிரி மொட்டைமாடி இருக்கற ரூமா பாத்து எடுங்க. உள்ள இருந்தா கோட்டை தெரியாது. கீழ இருந்தாதான் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல முழுசாத் தெரியும். வாடகையும் கம்மி.

என்ன சாப்பிடறது?

தால் பாட்டி சூர்மா. கோதுமை உருண்டையைத் தணல்ல சுட்டு, உடைச்சு, நெய்யை ஊத்து ஊத்துனு ஊத்தித் தர்றாங்க. ரெண்டு சாப்டா மத்தியானம் வண்டி ஓடாது, தூக்கம்தான். 'கட்டே'ங்கறது கடலைமாவு உருண்டையைத் தயிர்க் குழம்புல போட்டது. நம்ம பருப்பு உருண்டைக் குழம்புக்குப் பங்காளி. இனிப்புன்னா 'கோட்டுவா' லட்டு, அந்த ஊர் ஸ்பெஷல்.

கட்டாயம் சாப்பிட வேண்டியது கேர் சாங்ரி. பாலைவனத்துல பச்சைக் காய்கறிக்கு எங்க போறது? புதர்ல காய்க்கற கேர் காயையும், கேஜ்ரி மரத்தோட நெத்தையும் காய வெச்சு வருசம் பூரா சமைக்கறாங்க. கேஜ்ரி என்ன மரம்னு தேடிப் பாத்தா, நம்ம வன்னி மரமுங்க! கொடுமுடி கோயில்ல நிக்குதே, பழனிக்குத் தீர்த்தம் எடுத்துட்டுப் போறவங்க இலை பறிச்சுப் போடுவாங்களே, அதே வன்னி. நாம கும்பிட்டுட்டு இருக்கற மரத்தை அவங்க கொழம்பு வெச்சுத் திங்கறாங்க. ஆனா அவங்க பாசமும் சாதாரணமில்ல. 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி ஊர்ல ராஜாவோட ஆளுங்க இந்த மரத்தை வெட்ட வந்தப்ப, அம்ருதா தேவி மரத்தைக் கட்டிப் புடிச்சு உசுரை விட்டாங்க. அவங்களைத் தொடர்ந்து மொத்தம் 363 பிஷ்னோய் சனங்க செத்தாங்கன்னு சொல்றாங்க.

எதைப் பாக்கறது?

கோட்டைக்குள்ள சமணக் கோயில்கள், காலைலயே போயிடுங்க. பெல்ட், பர்ஸ்னு தோல் சாமான் எதுவும் கொண்டு போகாதீங்க. அப்புறம் பட்வோன் ஹவேலி. ஜரிகை வியாபாரம் பண்ணின பட்வா குடும்பம், 1805-ல ஆரம்பிச்சு அஞ்சு பசங்களுக்கு அஞ்சு மாளிகை கட்டுச்சு. "நூல் வித்துக் கட்டின வீடு, பாத்துக்குங்க"ன்னு தங்கமணி என்னை ஒரு பார்வை பாத்தா. நமக்கு ஹவுசிங் லோனே இன்னும் முடியல.

கடைத்தெருவுல ஒட்டகப் படம் போட்ட டீ-ஷர்ட் தொங்குச்சு. கை சும்மா இருக்குமா? தடவிப் பாத்தேன். சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம் வரும். "எங்கிருந்து சரக்கு?"னு கேட்டா, "திருப்பூர்"னான் கடைக்காரப் பையன். காதர்பேட்டைல வாங்க வேண்டியதை ரெண்டாயிரம் கிலோமீட்டர் போயி மூணு மடங்கு வெலைக்கு வாங்கிட்டு வந்தோம். ஹிஹி.

மணல்மேட்டுக்கு எல்லாரும் 40 கிலோமீட்டர்ல இருக்கற சாம் போவாங்க. கேம்ப்ல டிஜே சத்தம் காதைக் கிழிக்கும். அமைதியா நட்சத்திரம் பாக்கணும்னா தென்மேற்கால இருக்கற கூரி போங்க. ஒட்டகம் எந்திரிக்கறப்ப மட்டும் கெட்டியாப் புடிச்சுக்குங்க.

குல்தாராவை மறந்துராதீங்க. ஒரு ஊரே காலியாக் கெடக்கு. கொடுமைக்கார திவான் சலீம் சிங்குக்குப் பயந்து ஒரே ராத்திரில சனம் போயிருச்சு, பேய் இருக்குன்னு டிரைவர் கதை விட்டாரு. தண்ணி வத்திப் போனதும் நிலநடுக்கமும் காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. எனக்குப் பேயை விடப் பெரிய ஆச்சரியம், அங்க இருந்த பாலிவால் சனங்க பண்ணின விவசாயம்தான். சரிவுக்குக் குறுக்க மண்கரை கட்டி, பாறைல வழியற மழைத் தண்ணியைத் தேக்கி, அது ஊறினப்புறம் அந்த ஈரத்துலயே கோதுமையும் கடலையும் வெளைய வெச்சிருக்காங்க. 'கடீன்'னு பேரு. பாலைவனத்துல கோதுமை!

இந்த பாலிவாலுங்க ஆதில பாலி ஊர்க்காரங்க. அதே பாலிதாங்க, இன்னிக்கு துணிக்குச் சாயம் போடற ஊரு. சாயத்தண்ணி விட்டு பாண்டி ஆறு கெட்டு, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போன ஊரு. டிரைவர் இதைச் சொன்னப்ப தங்கமணி என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வெளிய பாத்துட்டே வந்தேன்.

இப்ப விடுதிக்காரர் கேள்விக்கு வர்றேன். எங்க அம்மாயி ஊரு ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். 1992-ல் பாசனத்துக்குன்னு கட்டி முடிச்ச அணை, நொய்யல்ல வந்த சாயத்தண்ணியைத் தேக்கி வெச்சுது. கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியாமப் போச்சு. தென்னை ஒவ்வொண்ணாக் காஞ்சுது. அதே காலத்துல நான் ஒரு பட்டறைல வேலைக்கு இருந்தேன். ராத்திரி மழை புடிச்சா வால்வைத் திறந்து விடுவோம், ஆத்து வெள்ளத்தோட கலந்து போயிரும்னு. திறந்த கை என்னோடதுதான். அம்மாயி ஒரு தடவை கேட்டப்ப நான் சொன்னது, "நம்ம ஒரு பட்டறைத் தண்ணிலயா ஆறு கெட்டுரும் அம்மாயி?"

2011 ஜனவரில ஐகோர்ட் உத்தரவுல எல்லாப் பட்டறையும் மூடினாங்க. மாசக்கணக்கா வேலை இல்ல, நகை அடகுக்குப் போச்சு. அப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டு வெளிய விடக் கூடாதுன்னு சுத்திகரிப்பு நெலையங்களோட திறந்தப்பதான் மறுபடி சோறு. அதுக்குள்ள அம்மாயி போயிருச்சு. தோட்டத்தையும் வித்தாச்சு.

அதனால அந்த விடுதிக்காரரை என்னால குத்தம் சொல்ல முடியல. அவர் வீட்டு அடுப்பும் அந்தத் தண்ணிலதான் எரியுது. நான் ரூம் மாறினதுல கோட்டை நின்னுராது, அதுவும் தெரியும். ஆனா "ஒரு ஆளால என்ன ஆகும்"ங்கற வார்த்தையை ஒரு தடவை சொல்லி, அதோட வெலையையும் பாத்தாச்சு. ரெண்டாந்தடவை சொல்ல நாக்கு வரல, அவ்வளவுதான்.

கிளம்பற அன்னிக்கு கடிசர் ஏரிக்கரைல உக்காந்திருந்தோம். முன்னெல்லாம் மழைத் தண்ணி மட்டும்தான். இப்ப இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணியும் வருது. பையன் படகு ஓட்டிட்டு வந்து, "அப்பா, கோட்டை இங்கிருந்து பாத்தாதான் சூப்பரா இருக்கு"ன்னான்.

சமாதானம் ஆயிட்டான்னு அர்த்தம். போறவங்க போயிட்டு வந்து சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: கோட்டைக்குள்ள கடைல டீ குடிங்க, சாமான் வாங்குங்க, தப்பில்ல. அந்த சனமும் பொழைக்கணும். குளிக்கறதை மட்டும் கீழ வெச்சுக்குங்க :-)